பாப்பா ஸ்டேஷன் மட்டும்

கரண்ட் போச்சு. போகட்டும், போனா நல்லதுதான், ஆனா இப்பவா போகணும், இந்தப் படுபாவிக் கம்ப்யூட்டர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிட்டுக் கருப்பாயிட்டு, ஃபேன் இன்னும் நாலு சுத்து சுத்தி நின்னுரும், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி வெயில்ல மாடி ரூம்ல தகரக் கூரைக்குக் கீழ ஹெட்ஃபோனை மாட்டிட்டு ஒருத்தி உக்காந்திருக்கான்னு யாராவது பாத்தா கோட்டி பிடிச்சிட்டுன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். ரேடியோ சாகலை. ரேடியோ டிராக்டர் பேட்டரியில ஓடுது, அதுக்கு ஈபிக்காரன் தயவு வேண்டாம். அது காதுக்குள்ள இப்ப நடத்துற கூத்தை நான் யார்ட்ட போய்ச் சொல்லுவேன்? காலையில இருந்து அப்பளம் பொரிக்கிற மாதிரி ஒரே இரைச்சல், இந்தக் கல்லிடைக்குறிச்சியில இருக்கிற அத்தனை பல்பும் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் செல்போன் சார்ஜரும் சேர்ந்து போடுற இரைச்சல், அதுக்கு அடியில கிடக்கிற வெளிநாட்டுக் குரலை ஒவ்வொண்ணா நோண்டி நோண்டி எடுத்துட்டு இருந்தேன், இப்ப ஊருக்கே கரண்ட் போனதும் எல்லாம் அடுப்பை அணைச்ச மாதிரி அடங்கிட்டு. அம்மாடி! ஜப்பான்காரன், ரஷ்யாக்காரன், யாரோ ஒரு ஆஸ்திரேலியாப் பொம்பளை, எல்லாரும் எதுத்த வீட்டு நடையில நின்னு பேசுற மாதிரி அம்புட்டுத் தெளிவா நிக்காங்க. கரண்ட் போனா ஊரே ஈபிக்காரனைத் திட்டும், நான் ஒருத்திதான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா இன்னைக்குக் கும்பிடுறதா திட்டுறதா தெரியலை, ஏன்னா என் வாய் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருந்துச்சு.

வாய்னா வாயேதான். நேத்து காலையில அஞ்சரைக்கு ஆரம்பிச்ச போட்டி இது, நாளைக் காலையில அஞ்சரை வரைக்கும், நாப்பத்தெட்டு மணி நேரம், உலகத்துல இருக்கிற அமெச்சூர் ரேடியோக்காரங்க பூரா ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு, எத்தனை பேரைப் பிடிச்சோம், எத்தனை நாட்டைப் பிடிச்சோம்னு எழுதி அனுப்பணும். பேச்சுன்னா ஊர்க்கதை கிடையாது. உன் அழைப்புக் குறி, அதான் லைசென்ஸ்ல கொடுத்த எழுத்துப் பேர், என் அழைப்புக் குறி, ஃபைவ் நைன், மண்டல எண், தேங்க்யூ, அடுத்த ஆள். பத்து நொடி. ஃபைவ் நைன்னா உன் குரல் கண்ணாடியா, பலமா கேக்குதுன்னு அர்த்தம், அதுதான் இதுல பெரிய வேடிக்கை, ஒருத்தன் குரல் கிணத்துக்குள்ள இருந்து முனகினாலும் இவன் ஃபைவ் நைன்னுதான் சொல்லுவான், அதே மூச்சுல உன் பேர் கேக்கலை திருப்பிச் சொல்லுன்னும் சொல்லுவான், ஒருத்தனுக்கும் வெக்கமே கிடையாது. நாப்பத்தெட்டு மணி நேரமும் தூங்காம உக்காருற வெறியனுங்க இருக்கானுங்க. நான் அந்த ரகம் இல்ல. சோறு பொங்கி இறக்கின நேரத்துல, எங்க ரிப்பேர்க் கடையில இருந்து வந்த மோட்டாருக்குக் காயில் கட்டி முடிச்ச நேரத்துல, மாடிக்கு ஓடி வந்து நாப்பது பேருக்குப் புள்ளி கொடுத்துட்டு இறங்கிப் போறவ. பந்தியில உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டு எந்திரிச்சு வாறவ. போன வருசம் என் இடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், அதைப் பாத்து நான் ரெண்டு நாள் சிரிச்சுட்டு இருந்தேன், எனக்குக் கீழயும் ஆள் இருக்கான்லா! ஆனா அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரமும் நான் பேசி வாங்கினது இல்ல. என் மக கோமதி, இப்ப நாகர்கோவில்ல நர்சிங் படிக்கா, அவ பதினாலு வயசுல கம்ப்யூட்டர்ல பதிஞ்சு கொடுத்த குரல். அஞ்சு பட்டன். முதல் பட்டனை அமுக்கினா என் அழைப்புக் குறியைச் சொல்லும், ரெண்டாவதுக்கு ஃபைவ் நைன் டூ டூ, இருபத்திரெண்டுதான் நம்ம மண்டலம், மூணாவதுக்கு தேங்க்யூ. ஆறு வருசமா உலகம் பூரா என்னைப் பதினாலு வயசுக் குரல்ல கேட்டுட்டு இருக்கு. பின்லாந்துல ஒருத்தன் போன வருசம் மெயில் போட்டான், உங்க குரல் அழகான குரல்னு. நான் அதைப் படிச்சுட்டுக் கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன்.

எனக்குத் திக்கும். சொல்லிட்டேன், அம்புட்டுதான், இதுல மறைக்க என்ன இருக்கு. குலசாமி பேரை வச்சுப் பேச்சியம்மாள்னு கூப்பிட்டாங்க, பேச்சின்னு பேரை வச்சுக்கிட்டுப் பேச்சு வரலையேன்னு சித்தப்பன் பெரியப்பன் எல்லாவனும் பல்லைக் காட்டியாச்சு, அந்தச் சிரிப்பெல்லாம் பழசு. ஊர்ல எனக்கு அமைதியான பொம்பளைன்னு பேரு. உள்ள ஓடுற ஓட்டம் தெரிஞ்சா ஒருத்தன் பக்கத்துல வரமாட்டான். மோர்ஸ்ல நான் புலி. டக் டக்குன்னு தட்டுற கட்டையில விரலை வச்சா நிமிசத்துக்கு இருபத்தஞ்சு வார்த்தை, விரலுக்குத் திக்கு கிடையாது. ஆனா இது பேச்சுப் போட்டி, மோர்ஸ்ல கூப்பிட்டா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். சரி, கரண்ட் வாற வரைக்கும் சும்மா கேட்டுட்டு இருப்போம், கேக்குறதுக்கு என்ன வலிக்கா, டயலைப் பைய உருட்டுதேன், இது ஜப்பான், இதுவும் ஜப்பான், இவன் காலையிலேயே பிடிச்ச சைப்ரஸ்காரன், இது யாரு, பொறு, பொறு, கொஞ்சம் பின்னால போ, தொண்டை கட்டின ஒரு குரல், முப்பத்துமூணு மணி நேரமா கத்தின தொண்டை, என்ன சொல்லுதான், ஏ ஆத்தா, டோங்கா! டோங்காவா! பசிபிக் கடல் நடுவுல பொட்டு வச்ச மாதிரித் தீவு, பதினொரு வருசமா நான் அந்தப் பக்கத்துல இருந்து ஒரு முனகலைக்கூடக் கேட்டது இல்ல, இரைச்சலுக்கு அடியில எத்தனை தடவை வந்துட்டுப் போனானோ, இப்பக் கேக்கான், மோட்டார்ல மிச்சம் வந்த காயில் கம்பியைத் தண்ணித்தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவுல கட்டி வச்ச என் ஆண்டெனாவுல டோங்காக்காரன் இருமுறது கேக்கு! கை தானா முதல் பட்டனுக்குப் போகுது, அமுக்குதேன், செத்த கம்ப்யூட்டர்ல என்னத்த அமுக்க.

மைக் இருக்கு. மேசை ஓரத்துல, சுருள் வயரோட, தூசி பிடிச்சுப் போய். ரேடியோப் பெட்டி வாங்கும்போது கூடவே வந்தது, ஒரு தடவைகூட எடுத்தது இல்ல. இப்பக் கரண்ட் வந்துட்டா இரைச்சல் வந்துரும், டோங்கா முங்கிருவான். கரண்ட் வரலைன்னா கோமு குரல் கிடையாது. அப்ப இதுக்கு நடுவுல இருக்கிறது இந்த மைக் ஒண்ணுதான், இதைப் பிடிச்சு நானே என் வாயால என் பேரைச் சொல்லணும், கரண்ட் வாறதுக்குள்ள. செத்த மூதி, எடுடி கையில. எடுத்துட்டேன். என் அழைப்புக் குறியில முன்பாதி நாட்டுக்கு உள்ளது, வி, யூ, ரேடியோவுல எழுத்துக்கு ஒரு சொல் சொல்லணும், அது விக்டர் யூனிஃபார்ம்னு வழுக்கிட்டுப் போயிரும், அப்புறம் ஒரு எண், அதுவும் வந்துரும், அதுக்குப் பின்னால அரசாங்கம் எனக்குன்னு தேடிப் பிடிச்சுக் கொடுத்த மூணு எழுத்து இருக்கு பாருங்க, பி, டி, கே. பாப்பா, டெல்ட்டா, கிலோ. மூணும் வல்லினம். டெல்லியில உக்காந்து எவனோ என் தொண்டையைத் தடவிப் பாத்து எழுதின மாதிரி. அந்த லைசென்ஸ் காகிதம் வந்த அன்னைக்குச் சந்தோசத்துல அழுதேனா துக்கத்துல அழுதேனான்னு இன்னும் எனக்கே தெரியாது. திருநெல்வேலியில பஸ் ஏறினா எங்க ஊர் பேரைச் சொல்லிச் சீட்டு வாங்க முடியாது எனக்கு, கல்லிடையில கானா நிக்கி காவல்காரன் மாதிரி, அதனால அடுத்த ஊருக்கு ‘அம்பை ஒண்ணு’ன்னு வாங்கிட்டு எங்க ஊர்ல இறங்கிருவேன், அம்பைக்கு வாங்கிட்டு இங்க இறங்குதீயேம்மான்னு கண்டக்டர் கேப்பான், நான் தலையை ஆட்டுவேன், அமைதியான பொம்பளை. பள்ளிக்கூடத்துல பிரசெண்ட் டீச்சர்னு சொல்ல வராது, நான் எந்திரிச்சு நிப்பேன், வகுப்பே திரும்பிப் பாக்கும், அந்தத் திரும்பிப் பாக்கிறது இருக்கே, அதுதான், சொல் தொண்டைக்குள்ள மாட்டிக்கிடறதுகூடப் பரவாயில்ல, காத்துட்டு நிக்கிற மூஞ்சிதான் தாங்காது. இங்க மூஞ்சி கிடையாதுல்லா பேச்சி. டோங்காக்காரனுக்கு உன் மூஞ்சி தெரியாது. அமுக்கு. அமுக்குதேன். சிவப்பு லைட்டு எரியுது. வாயைத் திறக்கேன். விக்டர்கூட வரலை. ஒண்ணுமே வரலை. என் மூச்சு மட்டும் பசிபிக் பக்கமாப் போயிட்டு இருக்கு. விட்டுட்டேன்.

மாடிப்படியில செருப்புச் சத்தம், அவரு வாராரு. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து, பனியனும் கைலியும், பழைய காலண்டர் அட்டையை வச்சு விசிறிக்கிட்டே. ஹெட்ஃபோன்ல ஒரு பக்கத்தை நவுத்துதேன், ஒரு காது டோங்காவுக்கு, ஒரு காது இவருக்கு. “ஏட்டி பேச்சி, இந்த வெக்கையில மேல என்னத்தப் பண்ணிட்டு இருக்க? கீழ வா, தரையில படு. ஈபிக்குப் போன் போட்டேன், லைன்ல வேலையாம், மூணு மணிக்குள்ள வந்துரும்ங்கான்.” மூணு மணியா, இப்ப ரெண்டு இருபத்தஞ்சு. நான் டயலைக் காட்டுதேன், முகமெல்லாம் சிரிப்பா இருக்கும்போல, அவரும் சிரிக்காரு. “என்னட்டி, யாரு மாட்டிருக்கா?” “ட... ட... ட...” “டீ வேணுமா? இந்த வெயில்லயா?” “இ-இல்ல, ட...” “சரி சரி, போட்டுக் கொண்டு வாரேன், கத்தாத.” நான் தலையில அடிச்சுக்கிட்டு மேசையில கிடந்த காகிதத்துல டோங்கான்னு எழுதிக் காட்டினேன். படிச்சாரு. கம்ப்யூட்டரைப் பாத்தாரு. மைக்கைப் பாத்தாரு. அவருக்கு விளங்கிட்டு, எல்லாத்தையும் சட்டுனு விளங்கிக்கிடுற மனுசன், அதுதான் கஷ்டமே. “அட, இதுக்கா முழிச்சிட்டு இருக்க, கொண்டா, நான் சொல்லுதேன். என்ன சொல்லணும்னு எழுதிக் கொடு, பாப்பா டெல்ட்டா கிலோ, அவ்வளவுதான? ஒரு நிமிசத்துல முடிச்சுருதேன்.” கையை நீட்டிட்டாரு. மைக்குக்கு. எனக்கு எங்கிருந்து அம்புட்டுக் கோவம் வந்துச்சுன்னு தெரியலை, மைக்கை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன், குழந்தையைப் பிடுங்க வந்தவன்கிட்ட பிடிக்கிற மாதிரி, தலையை ஆட்டுதேன், போங்கங்கேன் கையால. அவர் முகம் ஒரு நொடி சுருங்கிட்டு. “சரிட்டி. டீயவாது போடுதேன்”னு இறங்கிப் போறாரு.

பாவம். பாவம்தான், ஆனா போகட்டும். என்னைப் பொண்ணு பாக்க வந்தாரே அன்னைக்கு, பதினெட்டுப் பேர் கூடத்துல, பொண்ணு ஒரு வார்த்தை பேசட்டும்னு எவளோ ஒரு கிழவி சொல்லித் தொலைச்சா, எங்க அம்மா முகத்துல ரத்தம் இல்ல, நான் காப்பியை நீட்டிக்கிட்டுக் கானாவுல மாட்டிக்கிட்டு நிக்கேன், இவரு பட்டுனு, காப்பி நல்லாருக்கு, எடுத்துக்கிட்டேன்னு சொல்லி என் வாக்கியத்தை முடிச்சு வச்சாரு. நான் அந்த நொடியிலேயே விழுந்துட்டேன். அப்படி ஒரு நிம்மதி. யாரோ என் தலைச்சுமையை இறக்கி வச்ச மாதிரி. அப்புறம் இருபத்தோரு வருசமா இறக்கி இறக்கி வச்சுக்கிட்டே இருக்காரு. நான் எந்தச் சொல்லைத் தொடங்கினாலும் முடிவை அவரு கையில வச்சிருக்காரு. பத்துக்கு எட்டு சரியா இருக்கும். சரியா இருந்தா இன்னும் எரிச்சலா வருது, ஏன்னு கேட்டா என்ன சொல்ல, நீங்க அன்பா இருக்கீங்க அதனால எரிச்சலா வருதுன்னா? அவர் மட்டுமா, கடைக்கு வாற ஆள், கறிக்கடைக்காரன், கோமுகூட, எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் என் சொல்லுக்கு முட்டுக் கொடுக்கிறவங்க. நான் ஒரு சொல்லைத் தொடங்கி நானே முடிச்சு எத்தனை வருசம் ஆச்சு? இப்ப டோங்காவை நான்தான் முடிப்பேன். சவம், செத்தாலும் சரி.

ரெண்டு முப்பத்தொண்ணு. இவன் கூப்பிடுற முறையைக் கவனிப்போம். ‘டோங்கா கேக்கான், கூப்பிடுங்க’ங்கிற மாதிரி அவன் குறியைச் சொல்லி நிறுத்துதான், உடனே ஐரோப்பா பூரா ஒரே நேரத்துல பாயுது, சந்தையில மீன் வண்டி வந்து நின்ன மாதிரி, நூறு பேர் ஒரே மூச்சுல அவனவன் பேரைக் கத்துதான், ஒரு எழுத்து விளங்கலை, அந்தக் கூட்டத்துல இத்தாலிக்காரன் ஒருத்தன், பெரிய மெஷினு வச்சிருப்பான்போல, எல்லாரும் முடிச்ச பிறகும் கத்துதான். டோங்காக்காரன் அதுல ஒருத்தனைப் பொறுக்கி எடுத்து, ஃபைவ் நைன், தேங்க்யூ, மறுபடி நிறுத்துதான், மறுபடி பாய்ச்சல். இதுக்குள்ள நான் எங்க போக. ரெண்டாவது தடவை அமுக்குதேன், விக்டர் வந்துட்டு, யூனிஃபார்ம் வந்துட்டு, எண்ணும் வந்துட்டு, பானாவுல உதடு ஒட்டிக்கிட்டு, ஒட்டுன உதட்டோட நிக்கேன், அதுக்குள்ள அவன் ஒரு ஜெர்மனிக்காரனை எடுத்துட்டான். மூணாவது, அதே உதடு, அதே பானா, இப்ப ஒரு பல்கேரியா. வேர்த்து ஊத்துது, ஹெட்ஃபோன் காதோட வழுக்குது, ஆனா பயம் எங்க போச்சுன்னு பாக்கேன், காணோம், பயம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு குதியாட்டம் இருக்கு, கபடியில கோட்டைத் தாண்டி உள்ள போயாச்சு, இனி மூச்சு இருக்கிற வரைக்கும். நாலாவது. அவன் நிறுத்தினான். எல்லாவனும் பாஞ்சான். நானும் அமுக்கினேன், முன்பாதி அந்தச் சத்தத்துல நசுங்கிப் போச்சு, உதடு ஒட்டிக்கிட்டு, ஒட்டிக்கிட்டே இருக்கு, ஒரு நொடி, ரெண்டு நொடி, அவனுங்க எல்லாரும் கத்தி முடிச்சுட்டானுங்க, இத்தாலிக்காரன்கூட மூச்சு வாங்க நிறுத்திட்டான், உலகம் பூரா ஒரு நொடி சும்மா இருக்கு, அந்தச் சும்மாவுக்குள்ள என் உதடு பிரிஞ்சு, பா, பா, பாப்பா!

தனியாப் போச்சு. பசிபிக்குக்கு மேல, நூறு பேர் சத்தத்துக்குப் பின்னால, என் பாப்பா ஒண்ணு மட்டும் தனியா நடந்து போச்சு. அப்புறம் அந்தத் தொண்டை கட்டின குரல் சொல்லுது: “பாப்பா. தி பாப்பா ஸ்டேஷன். அகெய்ன்?” என்னையா? என்னைத்தான்! அடேய், என்னையாடா! நான் அமுக்குறதுக்குள்ள இத்தாலிக்காரன் பாஞ்சு அவன் பேரைக் கத்துதான், இன்னும் ரெண்டு பேரும் கூடச் சேர்ந்துக்கிட்டானுங்க, ஒருத்தன் பேர்லயும் பாப்பா கிடையாது, நாய்ப் பயலுவ. டோங்காக்காரனுக்குக் கோவம் வந்துட்டு. “நோ, நோ, நோ. பாப்பா ஸ்டேஷன் ஒன்லி. எவ்ரிபடி எல்ஸ் ப்ளீஸ் ஸ்டாண்ட் பை. பாப்பா ஒன்லி.” மத்தவங்க எல்லாரும் பொறுங்க, பாப்பா மட்டும். அடங்கிட்டு. ஐரோப்பா அடங்கிட்டு. காதுல மெல்லிசா காத்து மட்டும். நூறு பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கான், எனக்காக, ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது இடத்துக்காரிக்காக. இப்பச் சொல்லணும். விக்டர் யூனிஃபார்ம், எண், “பா, பா, பாப்பா, டெ...” மாட்டிக்கிட்டு. டெ. டெ. கையை எடுத்துட்டேன், எடுத்திருக்கக் கூடாது, போச்சு, இப்ப அவன் முடிச்சு வைப்பான், டெல்ட்டாம்பான், எக்கோம்பான், எதையாவது சொல்லி என்னைத் தள்ளி விட்டுட்டுப் போவான், அவனுக்கு என்ன அவசரம், நிமிசத்துக்கு நாலு பேரைப் பிடிக்கிறவன். அவன் முடிச்சு வைக்கலை. “பாப்பா, ஐ ஹேவ் பாப்பா. நெக்ஸ்ட் லெட்டர்?” அம்புட்டுதான் கேட்டான். என்கிட்ட வாங்கினதை மட்டும் திருப்பிச் சொன்னான், அதுக்கு மேல ஒரு எழுத்து சொல்லலை. சொல்லவும் மாட்டான்! சொல்லக் கூடாது! எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுது, ஆறு வருசமா இந்தப் போட்டியில கிடந்தும் உறைக்காதது, இதுல எவனும் அடுத்தவன் பேரை ஊகிச்சு எழுத முடியாது, ஒரு எழுத்து தப்பாப் போட்டா அந்தத் தொடர்பும் போயி மேல அபராதமும் விழும், அதனால உலகத்துலேயே பெரிய அவசரக்காரனுங்க, பத்து நொடிக்கு மேல ஒருத்தன்கிட்ட நிக்காதவனுங்க, என் வாயில இருந்து மூணு எழுத்தும் விழுற வரைக்கும் நின்னுதான் ஆகணும். என் பேரை நான்தான் சொல்லணும். வேற வழியே இல்ல அவனுக்கு!

சிரிப்பு வந்துட்டு எனக்கு. சிரிச்சுக்கிட்டே அமுக்கினேன். “டெ, டெ, டெ, டெல்ட்டா.” “பாப்பா டெல்ட்டா. லாஸ்ட் லெட்டர்?” “கி.” கி வந்துட்டு, லோவைக் காணோம். அவன் நிக்கான். எல்லாரும் நிக்காங்க. காத்துட்டு நிக்கிற மூஞ்சி இல்ல இது, காத்துட்டு நிக்கிற காது, காது நல்லது, காது பாவம் பாக்காது, எழுத்து வந்தா எழுதிக்கிடும் அவ்வளவுதான். “கி, கி, கிலோ! பாப்பா டெல்ட்டா கிலோ!” கத்திட்டேன், கீழ தெருவுக்கே கேட்டிருக்கும். “பாப்பா டெல்ட்டா கிலோ, தேங்க்யூ, ஃபைவ் நைன் த்ரீ டூ.” “ஃபைவ் நைன் டூ டூ.” ஒரு பிசிறு இல்லாம வந்துச்சு. கோமு குரல் மாதிரி இல்ல, கொஞ்சம் தடிச்ச குரல், வயசான குரல், இது யாரு குரல்னு ஒரு நொடி நானே திகைச்சேன். “தேங்க்யூ”ன்னு அவன் அடுத்த ஆளுக்குப் போயிட்டான். ஒரு சபாஷ் கிடையாது, ஒரு ஐயோ பாவம் கிடையாது, இத்தாலிக்காரன் திரும்பவும் பாயுதான், மீன் சந்தை திரும்பவும் ஆரம்பிச்சுட்டு. எனக்குக் கண்ணுல தண்ணி ஓடுது, மூக்குல ஓடுது, சேலைத் தலைப்பால துடைச்சுக்கிட்டே காகிதத்துல எழுதுதேன், நம்ம மணியில இருந்து அஞ்சரையைக் கழிச்சு உலக மணிக்கு மாத்தி, ஒன்பது மணி ஏழு நிமிசம், டோங்கா, ஃபைவ் நைன். அவன் எனக்குச் சொன்ன ஃபைவ் நைன் பொய்தான், எல்லாருக்கும் சொல்லுற பொய், இருந்துட்டுப் போகட்டும்.

இனி என்ன, இறங்கிப் போய்ப் படுக்கவா? படுக்கிற மூஞ்சியைப் பாரு. உடம்பு பூரா கரண்ட் ஓடுது. டயலை உருட்டுதேன், மேல போறேன், இடம் தேடுதேன், யாரையும் பிடிக்க இல்ல, எனக்கு ஒரு இடம் வேணும், காலி இடம், பதினொரு வருசமா நான் அடுத்தவன் கடை வாசல்லயே நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தவ, நானே கடை திறந்து உக்காந்தது கிடையாது, கோமு குரல்ல கூட அதைச் செஞ்சது இல்ல, அதுக்கு வாய் வேணும், கூட்டத்தைச் சமாளிக்கிற வாய். இங்க யாரும் இல்ல. கேட்டுப் பாக்கேன், இல்ல. அமுக்குதேன். போட்டிக்குக் கூப்பிடுதேன், என் குறியைச் சொல்லுதேன், பானாவுல ஒரு நொடி, டானாவுல ஒண்ணரை, கானா இந்தத் தடவை சட்டுனு வந்துட்டு, நிறுத்துதேன். காத்து. மறுபடி கூப்பிடுதேன். காத்து. மூணாவது தடவை கூப்பிட்டுட்டு நிறுத்தினேன், போலந்துக்காரன் ஒருத்தன், ஃபைவ் நைன், அப்புறம் செக் நாட்டுக்காரன், அப்புறம் ரெண்டு பேர் ஒண்ணா, அப்புறம் ஏ அம்மா, எவனோ என் குறியை இன்டர்நெட்ல போட்டுக் காட்டிக் கொடுத்துட்டான்போல, நாலு பேர், பத்து பேர், எண்ண முடியலை, இந்தியா வேணுமாம் எல்லாவனுக்கும், என் பேரைக் கூப்பிட்டுக் கத்துதானுங்க, நான் எழுதுதேன், பென்சில் முனை ஒடிஞ்சுட்டு, வேற பென்சில், எழுதுதேன். படியில சத்தம், அவர் டீயோட வந்து வாசல்ல நிக்காரு, நான் பேசுறதைப் பாத்துட்டு அப்படியே நிக்காரு, டம்ளர் சாயுறது கூடத் தெரியலை அவருக்கு. படார்னு ஃபேன் சுத்துது. கரண்ட் வந்துட்டு. இரைச்சல் வந்துட்டு, ஊர் பூரா முழிச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் பீப்புன்னு கத்தி வெளிச்சமாகுது. “ஏட்டி, கம்ப்யூட்டர் வந்துட்டு, பட்டனை...”ன்னு தொடங்குதாரு. நான் கையை உயர்த்துதேன், பொறுங்கன்னு. ஏன்னா அந்த இரைச்சலுக்கு அடியில யாரோ ஒருத்தர் இருக்காரு. ரொம்ப மெலிசா, வந்து வந்து போற குரல், வயசான குரல், ஸியராங்கிற ஒரு எழுத்து மட்டும் கிடைச்சுது எனக்கு, அதுக்கு மேல பத்துப் பேர் ஏறி மிதிக்கானுங்க, அதுல அந்த இத்தாலிக்காரனும் இருக்கான், இங்கயும் வந்துட்டான் பாவி. மைக்கை அமுக்கினேன். “நோ! ஸி, ஸி, ஸியரா ஸ்டேஷன் ஒன்லி. எ, எவ்ரிபடி எல்ஸ், ஸ்டாண்ட் பை!” ஒருத்தன் விடாமக் கத்துதான். “ஸ், ஸ்டாண்ட் பை!” அடங்கிட்டு. எல்லாரும் அடங்கிட்டாங்க. வாசல்ல இவர் டம்ளரைப் பையக் கீழ வைக்காரு. ஸியரா, உங்களை விட்டா வேற யாரும் இப்பப் பேசமாட்டாங்க, பைய வாங்க, அடுத்த எழுத்தை நீங்களே சொல்லுங்க, நான் பென்சிலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.